நீரேறிய தூள்

வாலாஜாபாத்
2 செப்டம்பர் 2024

ரூத்துக்கு,

நலமா? அம்மா நலமா? நீ என் எண்ணை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். ஆபீஸ் எண்ணையும் பிளாக் செய்துவிட்டாய். போகட்டும், சின்ன வயசு, கோபம் இருக்கத்தான் செய்யும். அதனால் இந்தக் கடிதத்தைக் காவேரியிடம் கொடுத்தனுப்புகிறேன். நம் டிரையர் ரூமைக் கூட்டித் துடைக்கிற காவேரிதான். உன் தெருவில்தான் இருக்கிறாளாம். நீ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாய் என்று சொன்னாள். நல்ல காரியம். படித்த படிப்பு வீணாகக் கூடாது.

நான் யாருக்கும் கெடுதல் நினைக்காதவன் என்று உனக்கே தெரியும். நடந்தது நடந்துவிட்டது. இப்போது ஒரு சின்ன விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நம் வலிப்பு மருந்துத் தூள், போன மழைக்காலத்திலிருந்து சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறது. பழைய மாதிரி குட்டை குட்டையான படிகமாக விழாமல் ஊசி ஊசியாக விழுகிறது. தண்ணீரையும் உள்ளே பிடித்துக்கொண்டு விழுகிறது. அதே சரக்கு, அதே ரியாக்டர், அதே ஆட்கள். தூளைக் கரைக்கிற சால்வென்டை மாற்றினேன். குளிர வைக்கும் வேகத்தை மாற்றினேன். ஹைதராபாத்திலிருந்து ஒரு கன்சல்டன்டை வரவழைத்தேன். அவர் வேளா வேளைக்கு பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மழை நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். மழை நின்று, கோடையும் போய்விட்டது. ஊசி போகவில்லை.

நீதான் அந்த ஊசியை முதலில் பார்த்தவள். ஏதாவது தோன்றினால் எழுது. காவேரியிடமே கொடுத்துவிடு. இது நமக்குள் இருக்கட்டும்.

ஸ்ரீதர்


வடக்குப்பட்டு
6 செப்டம்பர் 2024

ஸ்ரீதர் சாருக்கு,

"நீதான் அந்த ஊசியை முதலில் பார்த்தவள்." எவ்வளவு அழகான வரி. இதைப் போன டிசம்பரில், விசாரணை அறையில், டைரக்டர்கள் முன்னால் நீங்கள் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கும் அந்த லேபில் உட்கார்ந்திருப்பேன்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நவம்பர் மழையில் வந்த பேட்சை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, இது வேறு வடிவம், நீரேறிய வடிவம், வெளியே அனுப்பாதீர்கள் என்று உங்களுக்கு மூன்று மெயில் போட்டேன். அனுப்பினீர்கள். வாங்கிய கம்பெனியில் தூள் டிரம்முக்குள் இறுகிப் பாறையாகிவிட்டது. விசாரணை வந்தது. அப்போது நீங்கள் சொன்னது எனக்கு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "மெயிலா? எனக்கு எந்த மெயிலும் வரலியே சார். இந்தப் பொண்ணு சாம்பிள் பாட்டிலத் தெறந்து போட்டுட்டுச் சாப்புடப் போயிடுச்சு. ஈரம் ஏறிடுச்சு. அப்புறம் பயந்துகினு ரிசல்ட்ட மாத்தி எழுதிடுச்சு." நான் பதில் சொல்ல எழுந்து நிற்பதற்குள் என் கம்ப்யூட்டர் லாகினைத் துண்டித்துவிட்டார்கள். மெயிலைத் திறந்து காட்டக்கூட விடவில்லை.

மருந்து கம்பெனிகளில் "ரிசல்ட்டை மாற்றினவள்" என்ற பெயர் எடுத்தவளுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம்வரை நான் போய் நிற்காத கேட் இல்லை. எல்லோரும் நன்றாகத்தான் பேசுவார்கள். பழைய கம்பெனிக்கு ஒரு ஃபோன் போடுவார்கள். அதோடு சரி. ஃபோனை எடுத்தது யார் என்றும் எனக்குத் தெரியும். நீங்களோ பிளாண்ட் ஹெட் ஆகிவிட்டீர்கள். வாழ்த்து சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்கவும்.

உங்களுக்குப் பதில் வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனை. ஒன்று, இனிமேல் கைப்பட எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நானும் ஒப்புகை அட்டையோடுதான் அனுப்புவேன். எது அனுப்பினாலும் "வரலியே" என்று சொல்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. இரண்டு, கேன்டீன் வாசலில் இருக்கும் நோட்டீஸ் போர்டில், "ரூத் சாம்பிளைத் திறந்து போடவில்லை, ரிசல்ட்டை மாற்றவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டுங்கள். எனக்கு வேலை வேண்டாம், இழப்பீடு வேண்டாம். என் பெயர் வேண்டும்.

காவேரி அக்காவை இதில் இழுக்காதீர்கள். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. உங்களுக்கு அடுத்த பலி அவர்தான் என்று ஆகிவிடப் போகிறது.

ரூத்


வாலாஜாபாத்
13 செப்டம்பர் 2024

ரூத்துக்கு,

பதிவுத் தபால், போதுமா? நானூறு பேர் வேலை செய்கிற பிளாண்ட்டுக்குத் தலைவன், காதுகுத்துப் பத்திரிகை அனுப்ப வந்த கூட்டத்தோடு போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நின்றேன். உன் மனசு குளிர்ந்ததா?

நோட்டீஸ் கேட்கிறாய். யோசித்துப் பார். உன் பெயரை வெளுக்கவேண்டுமானால் யார் பெயரைக் கறுக்கவேண்டும்? எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவ்வளவு பெரிய தியாகி நான் இல்லை. வேண்டுமானால் ஒன்று செய்கிறேன். குற்றம் குறை எதுவும் இல்லாத ஒரு அனுபவச் சான்றிதழ் தருகிறேன். எங்கேயாவது நீ வேலைக்குப் போனால், ஃபோன் வரும்போது நல்ல வார்த்தை சொல்கிறேன். உன் எதிர்காலம் இன்னும் என் ஒரு ஃபோன் பேச்சில்தான் இருக்கிறது. மறந்துவிடாதே.

நிலைமையைச் சொல்கிறேன். அன்றைக்குப் புகார் செய்த அதே மறைமலை நகர் மாத்திரை கம்பெனி, கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் சரக்குப் போய்ச் சேரவேண்டும். இந்த முறையும் ஊசி போனால் அவர்கள் இனி நம்மிடம் வாங்க மாட்டார்கள். அந்த லைன் மூடப்படும். என் நாற்காலியும் போகும்.

எனக்கு ஒரு யோசனை. ஊசியாக விழுந்தால் விழட்டும். டிரையரில் சூட்டை ஏற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரை விரட்டிவிட்டால் என்ன? தண்ணீர் போனால் பழைய தூள்தானே? உன் இடத்துக்கு வந்திருக்கிற ஷீபா என்ற பெண் கூடாது என்கிறாள். புதுசு, நாகர்கோவில் பக்கம், எதற்கெடுத்தாலும் பயம். நீ என்ன சொல்கிறாய்?

ஸ்ரீதர்


வடக்குப்பட்டு
19 செப்டம்பர் 2024

ஸ்ரீதர் சாருக்கு,

நோட்டீஸ் ஒட்ட முடியாது என்கிறீர்கள். சரி. என் எதிர்காலம் உங்கள் ஃபோனில் இருக்கிறது என்கிறீர்கள். அதையும் மனதில் வைத்துக்கொண்டேன். அப்படியும் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கீழே எழுதுவது அத்தனையும் உண்மை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

டிரையரில் ஏற்றாதீர்கள்.

என் டியூஷனில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போன வாரம் அவர்களுக்கு மயில்துத்தத்தைச் சூடாக்கிக் காட்டினேன். நீலம் போய் வெள்ளைத் தூளானது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், மறுபடியும் நீலம். பிள்ளைகள் கைதட்டினார்கள். உங்கள் ஊசியும் அந்த வகைதான். ஒரே வித்தியாசம், இது நிறம் மாறாது, அதனால் உங்கள் கண்ணை ஏமாற்றும். அந்தப் படிகத்துக்குள் தண்ணீர் குடியிருக்கிறது. சூடு காட்டி விரட்டினால் வீடு காலியாகும், ஆனால் கதவு திறந்தே கிடக்கும். அன்றைக்குத் தண்ணீர் டெஸ்ட் செய்தால் பாஸ். காற்றில் ஈரம் வந்ததும் உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் ஊசியாகும், டிரம்முக்குள்ளேயே இறுகும். வருவது ஐப்பசி மழை. அது ஒரகடத்தில் இருக்கிற உங்கள் பிளாண்ட்டை விட்டுவிட்டுப் பெய்யப் போவதில்லை.

ஏன் எதை மாற்றினாலும் ஊசியே விழுகிறது என்று கேட்டீர்கள். போன வருஷம் விழுந்த ஊசியின் தூசி உங்கள் பிளாண்ட் முழுக்க இருக்கிறது. சல்லடையில், டிரையர் பையில், ஆட்களின் ஷூவில். பாலில் துளி உறை விழுந்தால் போதும், பாத்திரம் முழுக்கத் தயிராகிறது இல்லையா, அதே கதை.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். லைனை நிறுத்துங்கள். ரியாக்டர், குழாய் எல்லாவற்றையும் சூடான சால்வென்டால் கழுவுங்கள். சல்லடைகளையும் பைகளையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். அப்புறம் தண்ணீர் கலக்காத சால்வென்டில், சூடு இறங்குவதற்கு முன்பே பழைய நல்ல படிகத்தைக் கொஞ்சம் உறையாகப் போட்டு, சூடாக இருக்கும்போதே வடிகட்டுங்கள். பழைய வடிவம் திரும்பி வரும். தீபாவளிக்குள் முடியாது, பொங்கலுக்குள் முடியும். மறைமலை நகர்க்காரர்களிடம் நேராகப் போய் உண்மையைச் சொல்லி, பொங்கல்வரை தவணை கேளுங்கள். கொடுப்பார்கள்.

இது தலைவலித் தைலம் இல்லை சார். ஊசி வடிவத் தூளில் செய்த மாத்திரை வயிற்றில் கரையாது. மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் வலிப்புள்ள ஒருத்தி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போவாள்.

ரூத்


வாலாஜாபாத்
28 செப்டம்பர் 2024

ரூத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. எனக்கே காது குத்தப் பார்க்கிறாயா?

லைனை நிறுத்தவேண்டும். சல்லடையைத் தூக்கிப் போடவேண்டும். பார்ட்டி வீட்டு வாசலில் போய் நின்று, ஐயா தப்பு நடந்துவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்லவேண்டும். பொங்கல்வரை உற்பத்தி இல்லாமல் நான் உட்கார்ந்திருந்தால் எனக்கு அடுத்தவன் என் நாற்காலியில் பொங்கல் சாப்பிடுவான். இதெல்லாம் உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். நோட்டீஸ் ஒட்டாதவனுக்கு நீ நல்லது சொல்வாய் என்று நம்ப நான் என்ன ஏமாந்த சோணகிரியா?

உன்னை எட்டு வருஷமாகத் தெரியும். நீ எதைக் கூடாது என்று அடித்துச் சொல்கிறாயோ அதில்தான் வழி இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். டிரையரில் ஏற்றினேன். சூட்டை நன்றாகவே ஏற்றினேன். வெளியே வந்த தூளை டெஸ்ட் செய்தார்கள். தண்ணீர் இல்லை. பாஸ்! மாவு மாதிரி இருக்கிறது. மயில்துத்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல், கைதட்டுவார்கள். எனக்குச் சொல்லாதே.

இன்னொரு சேதியும் சொல்கிறேன், வயிறு எரியட்டும். அடுத்த பேட்சுகளைப் புது பிளாக்குக்கு மாற்றிவிட்டேன். நீ சொல்கிற தூசி பூதம் எல்லாம் பழைய பிளாக்கில்தானே இருக்கிறது? நம் பழைய ஆட்கள், பழைய சல்லடை, ஆனால் புது ரியாக்டர். செலவும் மிச்சம்.

ஸ்ரீதர்


வடக்குப்பட்டு
5 அக்டோபர் 2024

ஸ்ரீதர் சாருக்கு,

பழைய சல்லடையையும் பழைய ஆட்களின் ஷூவையும் புது பிளாக்குக்குக் கொண்டுபோனால் ஊசியும் கூடவே போகும். இப்போது உங்களிடம் கெட்டுப்போன பிளாக் ஒன்று இல்லை, இரண்டு. இதைக் கடைசித் தடவையாகச் சொல்கிறேன், அந்தச் சல்லடைகளை இன்றைக்கே வெளியே எடுங்கள்.

டிரையரிலிருந்து வந்த தூளைப் பற்றிக் காவேரி அக்கா தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது தானாகவே பேச்சை எடுத்தார். "இன்னாடி ரூத்து இது, எடுக்கச் சொல்லோ மாவாட்டம் பொலபொலன்னு கீது. ரெண்டு நாள் மழ பேஞ்சிச்சு பாரு, பையை அமுக்கினா உள்ள கட்டி தட்டுது. ஸ்டோர் ரூமாண்ட ஒரே ஈரம்." மைக்ரோஸ்கோப் இல்லாமல் கையால் அமுக்கியே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு டிரம்மையாவது பத்து நாள் கழித்துத் திறந்து பாருங்கள். படிக வடிவத்தைக் காட்டும் எக்ஸ்-ரே எடுங்கள். ஷீபா கூடாது என்று சொன்னாளே, அவளைக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். இந்தச் சரக்கை அனுப்பாதீர்கள். அனுப்பினால் திரும்பி வரும்.

இதற்கு மேல் நான் எச்சரிக்க மாட்டேன். நான் சொல்லவில்லை என்று நாளைக்கு நீங்கள் சொல்ல முடியாது, ஒப்புகை அட்டை இருக்கிறது.

ரூத்


வாலாஜாபாத்
23 அக்டோபர் 2024

ரூத்துக்கு,

அனுப்பிவிட்டேன். நேற்று லாரி கிளம்பிவிட்டது. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, நானே கொடியசைத்து அனுப்பினேன். டைரக்டர் கைகொடுத்தார்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாடகம் நடந்தது. உன் சிஷ்யை மாதிரியே ஷீபா மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள். "சார், ஒருக்கா பாருங்க சார், ஓரத்துல ஊசி வளருது" என்றாள். உன்னையும் இவளையும் ஒரே அச்சில் வார்த்தார்களா? பரிசோதனை முடிந்த அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியானால் கையெழுத்துப் போடு என்றேன். அழுதுகொண்டே போட்டாள். அழட்டும். வேலை கற்றுக்கொள்கிற வயசு.

உனக்கு இனிமேல் அந்த அனுபவச் சான்றிதழும் கிடையாது. நீ என்னைக் கவிழ்க்கப் பார்த்தாய், நான் கவிழவில்லை. இனி எந்தக் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தாலும் நான் பேசுவது போன தடவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். டியூஷனை நன்றாக நடத்து.

உங்களுக்குத் தீபாவளி கிடையாது. இருந்தாலும் எங்கள் வீட்டு அதிரசம் ஒரு டப்பா காவேரியிடம் கொடுத்திருக்கிறேன். எனக்கு யார் மேலும் வன்மம் கிடையாது.

ஸ்ரீதர்


மறைமலை நகர்
14 நவம்பர் 2024

ஸ்ரீதர் சாருக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தீர்களா? மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

உங்கள் டிரம்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. சரக்கு வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டவள் நான். உள்ளே வருகிற மருந்துப் பொருளைச் சோதித்து ஏற்பதும் தள்ளுவதும் மே மாதத்திலிருந்து என் வேலை. டியூஷன் சாயங்காலம்தான் எடுக்கிறேன். காவேரி அக்கா உங்களிடம் பொய் சொல்லவில்லை. பகலில் இவள் என்ன செய்கிறாள் என்று நீங்கள்தான் கேட்கவில்லை. நீங்கள் கதவை அடைத்துவிட்டால் அப்புறம் யாரும் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

எப்படி இந்த வேலை கிடைத்தது என்று தெரியாமல் உங்களுக்குத் தூக்கம் வராது, அதனால் சொல்கிறேன். இங்கே தரப் பிரிவின் தலைவர் மரியஜோசப் சார். பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார். விடவில்லை, துரத்தினார்கள் என்று நடந்ததைச் சொன்னேன். அவர் உங்களுக்கு ஃபோன் போடவில்லை. என்னைக் குடோனுக்குக் கூட்டிப்போய், மூலையில் வைத்திருந்த உங்கள் பழைய டிரம்மைக் காட்டினார். கரண்டி இறங்காமல் உளியால் உடைத்த தழும்பு அதில் இருந்தது. "இத்த முன்னாடியே பாத்துச் சொன்ன ஆளு அங்க யாராச்சும் இருந்திருக்கணுமேன்னு மாசக்கணக்கா யோசிச்சிக்கினு இருந்தேம்மா" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அந்த வருஷத்தில் என்னை நம்பின முதல் ஆள் அவர்.

உங்கள் முதல் கடிதம் வந்த மறுநாளே அவரிடம் சொல்லிவிட்டேன். "கேட்டா உண்மையச் சொல்லு. உண்மையச் சொல்றதுல நமக்கு இன்னா நஷ்டம்?" என்றார். பொங்கல்வரை தவணை கேளுங்கள், கொடுப்பார்கள் என்று எழுதினேனே, அது அவர் வாயால் சொன்னது. நீங்கள் வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்போம்.

இனி டிரம் கதை. உங்கள் மார்க்கெட்டிங் ஆளை வரவழைத்து, அவர் கண்ணெதிரிலேயே திறந்தேன். மேலே தூள் மாதிரிதான் இருந்தது. கையை உள்ளே விட்டால் கட்டி. அதற்குக் கீழே இன்னும் பெரிய கட்டி. நொறுக்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டு, நீங்களே பாருங்கள் என்றேன். பார்த்துவிட்டு அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒன்றாவது தேறுமா என்று எல்லா டிரம்மையும் பார்த்தேன். தேறியிருந்தால் பாஸ் போட்டிருப்பேன். பொய் ரிசல்ட் எழுதுவது உங்களுக்கு வரும், எனக்கு வராது. எக்ஸ்-ரேயும் அதையேதான் சொன்னது. சோதனைக்காகக் கொஞ்சம் மாத்திரை செய்து தண்ணீரில் போட்டோம். நல்ல தூளில் செய்தது கரைந்து போனது. உங்களுடையது கூழாங்கல் போலக் கிடந்தது. அத்தனையும் நிராகரித்தாயிற்று. ஒரு துளிகூட மாத்திரையாகி யார் வாய்க்கும் போகாது. அதில் மட்டும் நான் விளையாடவில்லை.

மற்றபடி, விளையாடினேன். ஒளிக்கப் போவதில்லை.

உங்களுக்கு நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆனால் நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னைப் பொய்க்காரி என்று ஊருக்குச் சொன்னவர் நீங்கள். என் வாயிலிருந்து உண்மை வருகிறது என்று ஒப்புக்கொண்டால், டிசம்பரில் நீங்கள் சொன்னது பொய்யாகிவிடும். அதனால் நான் கூடாது என்று எழுதியதையெல்லாம் நீங்கள் செய்வீர்கள், செய்யுங்கள் என்று எழுதியதையெல்லாம் விடுவீர்கள். அதை நம்பித்தான் எழுதினேன். ஒவ்வொரு எச்சரிக்கையையும் கூடுதலாக அழுத்தி எழுதினேன். நீங்கள் ஏமாற்றமே தரவில்லை.

பழிவாங்கினாயா என்றால், ஆமாம். இனித்ததா என்றால், இனித்தது. நிராகரிப்புச் சீட்டை ஒவ்வொரு டிரம்மாக நானே ஒட்டினேன். உதவிக்கு வந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டேன்.

அதிரசம் நன்றாக இருந்தது என்று காவேரி அக்கா சொன்னார். நான் சாப்பிடவில்லை.

ரூத்


வாலாஜாபாத்
20 நவம்பர் 2024

ரூத்,

நீ மனுஷிதானா? ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இனித்தது என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள்தானே நீ?

என்னைக் கவிழ்த்துவிட்டதாக நினைக்காதே. நான் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறேன். இங்கே விசாரணை முடிந்துவிட்டது. அனுப்புவதற்கு முன் ஷீபா சாம்பிளைச் சரியாக எடுக்கவில்லை, டிரம்மின் மேல்பக்கத்தில் மட்டும் எடுத்துவிட்டுப் பாஸ் போட்டுவிட்டாள் என்று தீர்மானமாகியிருக்கிறது. கையெழுத்து அவளுடையது. நேற்று அவளை அனுப்பிவிட்டோம். அந்தப் பெண்ணின் வேலை போனது என்னாலில்லை, உன்னால். அதையும் சேர்த்து இனிக்க இனிக்கச் சாப்பிடு.

இருந்தாலும் பேசித் தீர்த்துக்கொள்வோம். உன் கம்பெனி எங்கள் டைரக்டர்களுக்கு எழுதியிருக்கிறதாம், பிளாண்ட்டை வந்து பார்க்கவேண்டும் என்று. அது வேண்டாம். உங்கள் குடோனில் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது, அதனால்தான் தூள் கட்டியானது என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு. டிரம்களைச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ கேட்டாயே, அந்த நோட்டீஸ், அதையும் ஒட்டிவிடுகிறேன். என்ன வாசகம் வேண்டுமோ நீயே எழுதி அனுப்பு, கையெழுத்துப் போடுகிறேன்.

என் பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு. இதைச் சொல்லிக் கேட்கும்படி ஆகிவிட்டது எனக்கு.

ஸ்ரீதர்


மறைமலை நகர்
28 நவம்பர் 2024

ஸ்ரீதர் சாருக்கு,

ஷீபாவைப் பற்றிப் படித்ததும் முதலில் உங்களைத் திட்டினேன். சத்தமாகவே திட்டினேன், லேபில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் என்னையே திட்டிக்கொண்டேன். உங்கள் மேல் எறிந்தது பக்கத்தில் இருக்கிறவள் மேல் விழும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களை எனக்குத் தெரியுமே. வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியுமே. இனித்தது என்று எழுதினேன் அல்லவா, அது அன்றோடு கசந்துவிட்டது. அவ்வளவு வெற்றி உங்களுக்கு உண்டு, வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமே டியூஷனை நிறுத்திவிட்டு ஒரகடத்தில் அவள் தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். என் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள். "அக்கா, நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அவரு கேக்கவே இல்ல. மேல, நடுவுல, அடியில, எல்லா எடத்துலயும் சாம்பிள் எடுத்தேன்க்கா. இனி ஊருக்குப் போயி எங்க அப்பாகிட்ட என்னத்தச் சொல்லுவேன்?" போன டிசம்பரில் நான் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் நின்று சொன்னதும் ஏறக்குறைய இதேதான். அம்மாவிடம் சொன்னேன். ஊர் மட்டும்தான் வேறு. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் உங்களுக்கு எழுதியதையும், ஏன் அப்படி எழுதினேன் என்பதையும். கீழே விழுந்த துணியை எடுத்து மடித்தாள். "எங்கிட்ட முந்தியே சொல்லியிருக்கலாம்லா" என்றாள். சொல்லியிருக்கலாம்.

உங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறேன்.

எங்கள் குடோன் கூரை ஒழுகாது. அந்த ஒரு வரியை எழுத மாட்டேன்.

நோட்டீஸ் ஒட்டுகிறேன் என்கிறீர்கள். ஒட்டுங்கள். வாசகம் நான் எழுதித் தரமாட்டேன். நீங்கள் செய்ததற்கு நீங்களே வார்த்தை தேடவேண்டும். இப்போது ஒரு பெயர் போதாது, இரண்டு பெயர் எழுதவேண்டும். ஒட்டினாலும் நாங்கள் வருவது நிற்காது. ஒட்டாவிட்டாலும் வருவோம்.

உங்கள் பெரியவள் நன்றாகப் படிக்கட்டும். இதை மனசாரச் சொல்கிறேன். கெமிஸ்ட்ரி படித்து ஒருநாள் ஏதாவது ஒரு லேபில் உட்காருவாள். அவள் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லச் சொல்கிற ஒரு ஆள் அவளுக்கு மேலே உட்கார்ந்திருக்கக் கூடாது. உங்கள் பெண்ணுக்காகவும்தான் நான் இதை விடப் போவதில்லை.

மரியஜோசப் சாரிடம் ஷீபாவைக் கூட்டிப்போனேன். அவர் அவளிடம் சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. உங்கள் டிரம்மிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து, என்ன தெரிகிறது சொல் என்றார். பார்த்தாள். "ஊசி சார். நீரேறினது" என்றாள். திங்கட்கிழமை முதல் அவள் எனக்குப் பக்கத்து மேஜை.

உங்கள் டைரக்டர்கள் பிளாண்ட்டைப் பார்க்கச் சம்மதித்துவிட்டார்கள். டிசம்பர் பத்தாம் தேதி வருகிறோம். இரண்டு பிளாக்கையும் பார்ப்போம், டிரையர் ரூமையும் சல்லடைகளையும் பார்ப்போம். அனுப்புவதற்கு முன் சாம்பிள் எப்படி எடுத்தார்கள், யார் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் என்று கேட்போம். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கூட இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று மரியஜோசப் சார் நினைக்கிறார். எங்கள் கம்பெனியிலிருந்து மூன்று பேர். செக்யூரிட்டியிடம் பெயரை முன்கூட்டியே கொடுத்துவைக்கவேண்டுமாமே, எழுதிக்கொள்ளுங்கள்:

மரியஜோசப்.
ரூத்.
ஷீபா.

சரியாக ஒன்பது மணிக்கு கேட்டில் இருப்போம். வந்து உள்ளே கூட்டிப்போங்கள்.

ரூத்